விடியலில் முதலில் கூவும் சேவல்

அடைவைத்த முட்டைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகவே இருக்கும். முட்டைக்காகக் கோழி வளர்க்கும் எவரும் விரும்பிக் கேட்காத கணக்கு இது. நான்கைந்து மாதங்களில் அந்தக் குஞ்சுகளின் கொண்டை சிவந்து, கரகரத்த குரலில் கூவத் தொடங்கும்போதுதான், ஒரே கொல்லையில் எத்தனை சேவல்கள் சண்டையின்றி வாழ முடியும் என்ற கேள்வி எழுகிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அவற்றுக்குள் யார் பெரியவர் என்ற வரிசை உறுதியாக இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

அந்த வரிசையை விடியற்காலையில் காதாலேயே கேட்கலாம். சேவல் கூவுவது வெளிச்சத்தைக் கண்டு மட்டும் அல்ல, அதன் உடலுக்குள் இயங்கும் நாள் கடிகாரத்தினாலும்தான் என்பதை ட்சுயோஷி ஷிம்முரா, தகாஷி யோஷிமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். அவர்கள் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு அதைவிடச் சுவையானது. சேர்த்து வளர்க்கப்படும் சேவல்களில் முதல் நிலையில் உள்ளது முதலில் கூவுகிறது. மற்றவை தத்தம் நிலைக்கேற்ப அதைத் தொடர்ந்து கூவுகின்றன. முதல் சேவலை அகற்றிவிட்டால், அதுவரை காத்திருந்த இரண்டாவது சேவல் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறது.

கோழிகளிடையே இத்தகைய வரிசை உண்டு என்பதை, சிறுவயது முதல் கோழிகளைக் கூர்ந்து கவனித்துவந்த நார்வே விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1922இல் விரிவாக எழுதினார். எது எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு கோழியும் மற்றவற்றின் முகத்தையும் கொண்டையையும் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. சேவல்களுக்கும் பெட்டைகளுக்கும் தனித்தனி வரிசைகள் இருக்கும். பிடரி இறகைச் சிலிர்த்து, எதிரெதிரே நின்று முறைத்து, கால்முள்ளை முன்னீட்டிப் பாயும் சண்டை பெரும்பாலும் வரிசை தீர்மானமாகும் வரைதான். அதன்பின் வரிசையில் மூத்த சேவல் ஓரடி முன்வைத்தாலே கீழுள்ளது தலையைத் திருப்பிக்கொண்டு விலகிவிடும்.

ஆனால் விலகுவதற்கு இடம் வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறேன். தோற்ற சேவல் ஓடி மறைவதே அது சரணடைந்ததற்கான அடையாளம். நான்கு பக்கமும் வலையடித்த சிறிய கூண்டில் அது ஓட முடியாமல் அங்கேயே நிற்கும்போது, வென்ற சேவலுக்கு அது இன்னும் எதிர்த்து நிற்பதாகவே படும், சண்டையும் நிற்காது. செடிப் புதர், சாய்த்து வைத்த பலகை என்று பார்வையை மறைக்கும் எதுவும் அங்கே உயிரைக் காக்கும். தீவனத்தையும் தண்ணீரையும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு மூன்று இடங்களில் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்தச் சண்டை வேகத்தின் ஊற்று, விந்தை உண்டாக்கும் உறுப்பான விதையில் இருக்கிறது. 1849இல் ஜெர்மானியரான அர்னால்டு பெர்த்தோல்டு, விதை நீக்கிய சேவல்கள் கூவுவதையும் சண்டையிடுவதையும் விட்டுவிடுவதையும், கொண்டை சிறுத்துப்போவதையும், விதையை அவற்றின் வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பொருத்தினால் அனைத்தும் திரும்பி வருவதையும் கண்டார். அதிலிருந்து சுரப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் என்பது மிகவும் பிற்பாடு தெரியவந்தது. பகல் நீளும் பருவத்தில் இந்தச் சுரப்பு கூடுவதால், அதுவரை ஒற்றுமையாக இருந்த உடன்பிறந்த சேவல்கள்கூடத் திடீரென்று மோதிக்கொள்ளும்.

சேவல்கள் தங்களுக்குள் அமைதியாக இருந்தாலும் பெட்டைகளின் நிலையைத் தனியே பார்க்க வேண்டும். இணைசேரும் சேவல்களால் அளவுக்கு மீறி மிதிபடும் பெட்டையின் முதுகிலும் பிடரியிலும் இறகு உதிர்ந்து தோல் தெரியும். கால்முள் பட்டால் விலாப்புறம் கிழியும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பெட்டைகள் என்ற பழகிய விகிதம் இதைத் தவிர்ப்பதற்கே. ஆனாலும் எல்லாச் சேவலும் ஒன்றல்ல. முதல் சேவல் இரையைக் கண்டால் குரல் கொடுத்து, தலையை ஆட்டிக் கொத்திக் காட்டிப் பெட்டைகளை அழைக்கும். கீழ்நிலைச் சேவல் மூத்தது கேட்டுவிடாதபடி, குரலில்லாமல் அசைவால் மட்டும் அழைப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பெட்டைகளும் வெறுமனே இணங்கிவிடுவதில்லை. கீழ்நிலைச் சேவல் வலிந்து மிதித்த பிறகு அதன் விந்தைப் பெட்டைகள் உடனே வெளியே தள்ளிவிடுவதை டொம்மாசோ பிஸாரி, டிம் பிர்க்ஹெட் என்ற ஆய்வாளர்கள் 2000இல் காட்டினர். உள்ளே தங்கும் விந்து, கருக்குழாயின் நுண்ணிய பைகளில் இரண்டு மூன்று வாரம் உயிருடன் இருக்கும். ஆகவே, குறிப்பிட்ட சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்றால், மற்றச் சேவல்களை அகற்றிய மறுநாளே முட்டை சேர்க்கத் தொடங்குவது பயன் தராது.

காயம்பட்ட சேவலைப் பிரித்துச் சிகிச்சை தருவோர், சில வாரம் கழித்து அதைத் திரும்ப விடும்போது அது அந்நியனாகவே நடத்தப்படும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். முடிந்தவரை வலைக்கு மறுபுறம், மற்றவை பார்க்கும்படி வைத்திருந்தால் வரிசை எளிதில் மறக்காது.

விகிதத்துக்கு மிஞ்சிய சேவல்களைப் பெட்டையே இல்லாத தனிப் பட்டியில் சேர்த்து வளர்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. போட்டிக்குக் காரணம் இல்லாதபோது ஏழெட்டுச் சேவல்கள்கூட ஒன்றாக மேயும். அந்தப் பட்டியைப் பெட்டைகள் கண்ணில் படாத பக்கமாக அமைக்க வேண்டும். வேலிக்கு அப்பால் பெட்டைகள் மேய்வது தெரிந்தால், சேவல்கள் நாள் முழுவதும் வேலியோரமாகவே நடந்து, எட்ட முடியாத பெட்டைக்காக அருகில் நிற்கும் கூட்டாளியின் மீது பாயும்.