எமிக், எட்டிக்: தமிழில் என்ன சொல்வது?

பண்பாட்டு உளவியல் படிப்பவர்கள் 'எமிக்', 'எட்டிக்' என்ற சோடியைத் தாண்டிப் போக முடியாது. இவை முழுச் சொற்களே அல்ல. ஒலியன் (ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு) சார்ந்ததைக் குறிக்கும் 'ஃபோனெமிக்', ஒலி சார்ந்ததைக் குறிக்கும் 'ஃபோனெட்டிக்' இரண்டின் தலையையும் நறுக்கிவிட்டு, வாலை மட்டும் கலைச்சொல்லாக்கினார் அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக். ஆண்டு 1954.

தமிழருக்கு இது சட்டென்று விளங்கும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவது பகரத்தில் குரல்நாண் அதிர்கிறது, முதலாவதில் இல்லை. வெளியிலிருந்து அளப்பவருக்கு இவை இரண்டு ஒலிகள். இந்திக்காரர் இரண்டு எழுத்து போடுவார். நமக்கோ ஒரே 'ப'தான். அளப்பவர் கணக்கு எட்டிக், நம் கணக்கு எமிக்.

கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி 1969இல் இந்தச் சோடியைப் பண்பாட்டு ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தினார். ஓரிடத்து அளவுகோலை எல்லாருக்கும் பொது என்று வைத்து அளப்பதை 'திணித்த எட்டிக்' என்றார்.

ஆண், பெண் பண்புகளை அளக்க அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட வினாநிரலையே பாருங்கள். மொத்தம் 60 பண்புகள்: ஆணுக்கு 20, பெண்ணுக்கு 20, மீதி பொது. எந்தப் பண்பு அமெரிக்கச் சமூகத்தில் யாருக்கு விரும்பத்தக்கது என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டுப் பிரித்த பட்டியல் அது. அதில் விசுவாசம் பெண் பக்கம் இருக்கிறது. செஞ்சோற்றுக் கடனை வீரனின் பெருமையாகப் பாடிய மரபில் வளர்ந்தவர் இதை ஒப்புவாரா? அந்தப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து வேறு நாட்டில் கொடுத்தால், வரும் மதிப்பெண் அங்குள்ள ஆண் பெண் வேறுபாட்டைக் காட்டுகிறதா, பட்டியலின் பிறப்பிடத்தைக் காட்டுகிறதா என்று பிரிப்பது கடினம்.

சரி, தமிழில்? 'அகநோக்கு' என்றால் தன் மனத்தைத் தானே ஆராய்வது என்று ஏற்கெனவே பொருள் உண்டு. 'அகவயம், புறவயம்' வேறு சோடி; எமிக் தனி ஒருவரின் கருத்து இல்லை. 'உள்நோக்கம்' என்றாலோ கெட்ட எண்ணம் என்றாகிவிடும்!

வள்ளுவர் கோட்டைக்குள் இருப்பவர்களை 'அகத்தார்' என்கிறார் (குறள் 745). அதை எடுத்துக்கொண்டு எமிக்கை 'அகத்தார் நோக்கு' என்றும், எட்டிக்கை 'புறத்தார் நோக்கு' என்றும் சொல்லலாம். பெர்ரி கண்டித்தது 'திணித்த புறத்தார் நோக்கு' ஆகும். பல சமூகங்களின் அகத்தார் நோக்குகளை ஒப்பிட்டு, பொதுவானதை மட்டும் எடுக்கும்போது கிடைப்பதற்கு 'திரட்டிய புறத்தார் நோக்கு' பொருந்தும்.