மூலோபாய விளையாட்டு அல்ல, வியூக ஆட்டம்

சிவிலைசேஷன் போன்ற கணினி ஆட்டங்களைத் தமிழில் அறிமுகப்படுத்தும் இடமெல்லாம் 'நாகரிகத்தைக் கட்டியெழுப்பும் மூலோபாய விளையாட்டு' என்ற தொடர் வந்து நிற்கிறது. ஒருமுறை, இருமுறை என்றால் கடந்து போய்விடலாம். இப்போது ஆட்ட அறிமுகம், காணொளித் தலைப்பு, மொழிபெயர்ப்பு எந்திரம் தரும் விளக்கம் என்று எங்கே பார்த்தாலும் அதுதான். அந்த ஆட்டத்தை விடிய விடிய ஆடுகிற தமிழர் ஒருவர்கூட வாய் திறந்து 'மூலோபாயம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஸ்ட்ராட்டஜி' என்பார்கள், இல்லையென்றால் 'பிளான்' என்பார்கள். ஆடுகிறவர் வாயிலும் வராத, ஆடாதவருக்கும் விளங்காத சொல் யாருக்காக?

ஸ்ட்ராட்டஜியின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'ஸ்ட்ராடோஸ்' என்றால் படை. 'அகெய்ன்' என்றால் நடத்துதல். இரண்டும் சேர்ந்து 'ஸ்ட்ராடெகோஸ்', அதாவது படைத்தலைவன். பழைய ஏதென்ஸில் ஆண்டுதோறும் 10 பேரை இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய பொறுப்புக்கும் அறிவுக்கும் வழங்கிய பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு போர்க்களத்தை விட்டு வணிகம், அரசியல், விளையாட்டு என்று பரவியது. அதனோடு சேர்த்தே பேசப்படும் 'டாக்டிக்ஸ்' என்பதும் கிரேக்கம்தான். ஒழுங்குபட நிறுத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. களத்தில் படையை எப்படி நிறுத்துவது, எப்படி நகர்த்துவது என்பது டாக்டிக்ஸ். போருக்குப் போகலாமா, எப்போது, எதற்காக, யாரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு என்பது ஸ்ட்ராட்டஜி.

சரி, மூலோபாயத்துக்கு வருவோம். மூலம் என்பதோடு உபாயம் சேர்ந்தது. உபாயம் என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நால்வகை உபாயங்களைத் தமிழ் நூல்களும் பேசுகின்றன. ஆனால் உபாயம் எப்போதுமே ஒரு காரியத்தை முடிப்பதற்கான வழி. காரியம் எது என்பது முன்பே முடிவாகிவிட்டது. அதற்கு ஒரு வழி தேடுகிறோம், அவ்வளவுதான். 'தப்பிக்க ஓர் உபாயம் சொல்' என்று கேட்கிறவருக்குத் தப்பிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. ஸ்ட்ராட்டஜியின் உயிரோ காரியம் எது என்பதைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. உபாயத்துக்கு முன்னால் 'மூலம்' என்று சேர்த்துவிட்டதால் அந்தக் குறை நீங்கிவிடாது. வழிகளுக்கெல்லாம் மூலமான வழி என்றுதான் பொருள் படும். அது வாசிக்கிறவருக்கு எதையும் காட்டுவதில்லை.

இலங்கையில் இந்தச் சொல் வேரூன்றியிருப்பதை மறுக்கவில்லை. அங்கே அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் மூலோபாயத் திட்டம் என்பது அன்றாட வழக்கு. சிங்களத்திலும் இதே சொல்லுக்கு இதே பொருள். இடதுசாரி எழுத்திலும் 'மூலோபாயமும் தந்திரோபாயமும்' என்ற இணை உண்டு. தமிழ்நாட்டு இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் அதையே 'போர்த்தந்திரம், செயல்தந்திரம்' என்று எழுதினார்கள். அந்த வட்டங்களில் எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே ஓர் உடன்பாடு இருக்கிறது, சொல் வேலை செய்கிறது. அங்கிருந்து பிடுங்கி, இரும்பு எங்கே கிடைக்கும், ஆற்றங்கரையில் நகரம் வைக்கலாமா என்று யோசிக்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் திரையில் நட்டால் வேலை செய்யாது.

மூலோபாயத்தை விட்டவர்கள் சிலர் 'தந்திர விளையாட்டு' என்கிறார்கள். தந்திரம் ஒரு காலத்தில் பெரிய சொல். நூலுக்கும் படைக்கும் அது பெயராக இருந்தது. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றே பெயர். ஆனால் இன்று தந்திரம் என்றதும் நரிதான் நினைவுக்கு வருகிறது. ஏமாற்றி வெல்வது என்ற நாற்றம் அதில் ஒட்டிக்கொண்டது. எதிரி முன்னால் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டும் நல்ல ஸ்ட்ராட்டஜியால் வெல்லலாம் என்னும்போது, தந்திரம் தவறான வழியைக் காட்டுகிறது.

சொல்லைத் தேடுவதற்கு முன் அது செய்கிற வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 1991-இல் வந்த முதல் சிவிலைசேஷன் கி.மு. 4000-இல் தொடங்குகிறது. கையில் குடியேறிகள், சுற்றிலும் கொஞ்சம் நிலம் தெரிகிறது, மீதியெல்லாம் இருட்டு. நின்ற இடத்திலேயே நகரத்தை நிறுவலாம். அல்லது நாம் ஆட வேண்டிய முறை ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்து, ஆறும் மலையும் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நடக்கலாம். நகரம் தன்னைச் சேர்த்து 21 கட்டங்களை மட்டுமே உழுது தோண்டிப் பயன்கொள்ள முடியும் என்பதால், ஒரு கட்டம் தள்ளி வைத்தாலும் அது கடைசிவரை கணக்கில் வரும். அடுத்து என்ன செய்வது? காவலுக்கு ஒரு வீரனா, இன்னொரு குடியேறியா? வெண்கலம் முதலில் கற்பதா, எழுத்தா? பக்கத்து நாட்டுக்காரன் சமாதானம் பேச வருகிறான். அவனுக்கு ஒரு தொழில்நுட்பத்தைக் கொடுத்தால் நட்பு கிடைக்கும், நாளைக்கு அதே தொழில்நுட்பம் நம் மதிலை இடிக்கும்.

இதைத் தமிழ் எங்கே பேசியிருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். திருக்குறளில் 47-ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். வரிசையாக நான்கு அதிகாரங்கள், 40 குறள்கள், ஸ்ட்ராட்டஜியைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்.

செய்யப்போகும் செயலின் பளு, என் பலம், எதிரியின் பலம், இரண்டு பக்கத்துக்கும் துணை நிற்பவர்களின் பலம். மேலே சொன்ன ஆட்டத்தில் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் கணக்குப் போடுவது இந்த நான்கையும்தான். 'செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்' என்பது, வீரர்களாகச் சேர்த்துக்கொண்டே போய் நூலகம் கட்ட மறந்து தோற்றவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வள்ளுவர் இதற்கு வைத்திருக்கும் வினை 'சூழ்தல்'. அமைச்சர்களைச் 'சூழ்வார்' என்கிறார். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறார்: பலவாறு எண்ணிப் பார்த்தலின் முடிவு, இதைச் செய்வோம் என்ற துணிவுக்கு வருவது. ஸ்ட்ராட்டஜிக்கு இதைவிடப் பொருந்திய சொல் எந்த மொழியில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து பார்க்கிற அறிவு, அதுதான் சூழ்ச்சி. அந்தச் சொல்லை நாம் சதி என்ற பொருளுக்குத் தள்ளிவிட்டோம். இன்று 'சூழ்ச்சி ஆட்டம்' என்று எழுதினால் யாரையோ கவிழ்க்கிற ஆட்டம் என்றுதான் படிப்பார்கள். 'சூழ்வு' என்று திருத்தினால் சுற்றுச்சூழல் வந்து நிற்கும். 'சூழாட்டம்' என்றாலோ ஓர் எழுத்து தவறினால் சூதாட்டம். மனம் இல்லாமல்தான் விடுகிறேன், ஆனால் விடத்தான் வேண்டும். விளங்காத தூய சொல்லால் தமிழுக்கு ஒரு லாபமும் இல்லை.

மிச்சம் இருப்பவை உத்தியும் வியூகமும்.

உத்திக்கு நீண்ட வரலாறு உண்டு. தொல்காப்பியம் நூல் இயற்றுவதற்கு 32 உத்திகளைச் சொல்கிறது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. கதை சொல்லும் உத்தி, நடிப்பு உத்தி, பந்து வீசும் உத்தி: எல்லாமே ஒரு வேலையைச் செய்யும் நுட்பமான வழி. அதாவது சிறியது, கைக்குள் அடங்குவது. ஆகவே டாக்டிக்ஸுக்கு உத்தியை வைத்துக்கொள்வோம். மலையேறி நின்று அம்பு எய்வது உத்தி. பாலத்தைக் காத்துக்கொண்டு எதிரியை ஆற்றுக்குள் இறங்க வைப்பது உத்தி.

ஸ்ட்ராட்டஜிக்கு வியூகம். உடனே ஒரு தடை எழும், அது நியாயமானதுதான். சக்கர வியூகம், பத்ம வியூகம் என்றெல்லாம் சொல்லும்போது வியூகம் படையைக் களத்தில் நிறுத்தும் ஒழுங்கு. அப்படியானால் அது டாக்டிக்ஸ் அல்லவா? பிறப்பைப் பார்த்தால் ஆமாம். ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை. ஸ்ட்ராட்டஜியும் ஒரு பதவியின் பெயரிலிருந்து கிளம்பி, திட்டமிடும் அறிவாக வளர்ந்த சொல்தான். வியூகமும் அதே பாதையில் நடந்திருக்கிறது. 'தேர்தல் வியூகம்' என்று படிக்கிற எவரும் தொண்டர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்று நினைப்பதில்லை. எந்தத் தொகுதி, எந்தக் கூட்டணி, எந்தக் கோரிக்கை என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். அதோடு வியூகத்துக்குச் சொந்தமாக ஒரு வினையும் இருக்கிறது: வியூகம் வகுத்தான், வியூகம் மாற்றினான், வியூகம் உடைந்தது. மூலோபாயத்தை என்ன செய்வது? வகுப்பதா, அமைப்பதா, மேற்கொள்வதா? வினை இல்லாத பெயர்ச்சொல் தமிழில் நடக்காது.

வியூகம் வடசொல் என்று சொல்லி ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூலமும் வடசொல், உபாயமும் வடசொல். ஒரு வடசொல்லை விலக்கிவிட்டு இரண்டை அணைத்துக்கொள்வது எந்தத் தூய்மை?

விளையாட்டு என்பதைவிட ஆட்டம் என்பதே எனக்குப் பிடிக்கும். சீட்டாட்டம், சதுரங்க ஆட்டம் என்ற வரிசையில் வியூக ஆட்டம் தானாகப் பொருந்துகிறது. சதுரங்கம் என்ற பெயரே படையின் நான்கு உறுப்புகள்தானே. கணினி வருவதற்கு முன்பே நாம் ஆடிய வியூக ஆட்டம் அது.

இந்த ஆட்டங்களின் மற்றச் சொற்களுக்கும் இதே கதிதான். இந்த வகையை '4எக்ஸ்' என்பார்கள். 1993-இல் ஆலன் எம்ரிக் என்ற ஆட்ட எழுத்தாளர் ஒரு ஆட்ட முன்னோட்டத்தில் வைத்த பெயர், எக்ஸ்ப்ளோர், எக்ஸ்பாண்ட், எக்ஸ்ப்ளாய்ட், எக்ஸ்டெர்மினேட் என்ற நான்கு ஆங்கில வினைகளின் சுருக்கம். தேடு, பரவு, பயன்கொள், ஒழி என்று நேராகச் சொல்லலாம். மூன்றாவதைச் 'சுரண்டு' என்று மொழிபெயர்க்கிறார்கள். நிலத்தை உழுவதும் சுரங்கம் வெட்டுவதும் சுரண்டலா? ஒருவர் ஆடி முடித்த பிறகு இன்னொருவர் ஆடுவதை, ஆங்கிலத்தில் 'டர்ன் பேஸ்டு' என்பதை, 'திருப்பம் சார்ந்த' என்று எழுதுகிறார்கள். 'இப்போ யார் முறை?' என்று எல்லாக் குழந்தைகளும் கேட்கிற சொல் இருக்கும்போது எதற்குத் திருப்பம்? முறையாட்டம் என்றால் முடிந்தது.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் இசைப் பக்கம் போனால் வேறொரு கொடுமை. வியூக ஆட்டக்காரர்கள் பலருக்குக் காதில் ஹெவி மெட்டல் என்ற உரத்த ராக் இசை ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தைப் பேசி முடித்ததும் அந்த இசைக்குப் பேர்போன பிளாக் சப்பாத் குழுவின் முதல் தொகுப்புகளைப் பேசத் தொடங்குவார்கள். அதைத் தமிழாக்கும்போது 'கன உலோக இசை' என்று வந்து விழுகிறது. கன உலோகம் என்பது ஈயம், பாதரசம், காட்மியம்; நீரில் கலந்தால் நஞ்சு. சுற்றுச்சூழல் பாடத்தில் நன்றாக உழைக்கிற கலைச்சொல்லை எடுத்து ஒரு இசைக்கு ஏன் ஒட்ட வேண்டும்? புணர்ச்சி விதிப்படி சேர்த்து எழுதினால் இன்னும் மோசம். கனவுலோகம் என்று வரும். படிக்கிறவர் கனவு லோகம் என்று பிரித்துக்கொள்வார். கர்நாடக இசையிலோ 'கனம்' வேறொரு பொருளில் வழங்குகிறது: கனராகங்கள் உண்டு, கனம் பாடுவதில் வல்லவர் என்பதால் பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்ட கனம் கிருஷ்ணய்யர் உண்டு.

அந்த இசையின் கனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் இப்படி எழுதமாட்டார். பர்மிங்காமில் தகட்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி, பிளாக் சப்பாத்தின் கித்தார்க் கலைஞர், 17 வயதில் எந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கித்தாரின் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார், பிறகு தந்திகளைத் தளர்த்தினார். 1971-இல் வந்த குழுவின் மூன்றாவது தொகுப்பில் பல பாட்டுகளுக்குச் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்கிறது. அடிவயிற்றில் இடிக்கிற அந்த ஒலி, தளர்ந்த தந்தியின் ஒலி. உலோக ஆலை இந்தக் கதையில் இருக்கிறது என்பதற்காக இசைவகையின் பெயர் உலோகம் ஆகிவிடாது. ராக், ஜாஸ் என்பவற்றைப் போல ஹெவி மெட்டலும் இடுகுறிப் பெயராகிவிட்டது. தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் போதும்.

'ஸ்ட்ராட்டஜியை மட்டும் ஏன் மாற்ற வேண்டும், அதையும் அப்படியே எழுதலாமே' என்று கேட்கலாம். ஹெவி மெட்டல் ஒரு வகையின் பெயர். யாருடைய பெயரையும் நாம் மொழிபெயர்ப்பதில்லை. ஸ்ட்ராட்டஜி ஒரு கருத்து. அதற்கு நம்மிடம் நான்கு அதிகாரம் அளவுக்குச் சிந்தனை இருக்கிறது. சிந்தனை நம்மிடம் இருக்கும்போது சொல்லைக் கடன் வாங்குவது சோம்பல்.

பிளாக் சப்பாத்தின் தொடக்ககாலப் பாட்டுகளை, அதாவது ஆங்கிலத்தில் 'ஏர்லி மியூசிக்' என்றிருந்ததை, 'பண்டைய இசை' என்று எழுதியதையும் பார்த்தேன். ஐரோப்பிய இசை வரலாற்றில் அந்த ஆங்கிலத் தொடருக்குப் பல நூற்றாண்டுக்கு முந்தைய இசை என்றும் பொருள் உண்டு. எந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது, சரிபார்க்க வேண்டியவர் சரிபார்க்கவில்லை. 1970-இல் வெளிவந்த முதல் தொகுப்பு எப்படிப் பண்டையது ஆகும்? 'ஆரம்பகாலப் பாட்டுகள்' என்று எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஆட்டத்துக்குள் வரும் ஒரு சொல். பின்னால் வந்த சிவிலைசேஷன் பதிப்புகளில் இரும்பு, குதிரை, எண்ணெய் போன்றவற்றுக்கு 'ஸ்ட்ராட்டஜிக் ரிசோர்சஸ்' என்று ஒரு தனிப்பெயர் உண்டு. அவை இல்லாமல் சில படைகளைத் திரட்ட முடியாது. இவற்றை 'மூலோபாய வளங்கள்' என்கிறார்கள். இங்கே வியூக வளம் என்று எழுதினாலும் பொருந்தாது, ஏனென்றால் இது திட்டத்தைப் பற்றியதே அல்ல, படைக்குத் தேவையான பொருளைப் பற்றியது. 'படைவளம்' என்று எழுதிப் பாருங்கள். இரும்பு ஒரு படைவளம், குதிரை ஒரு படைவளம்.