அவுரேலியன் காசு வெளுத்தது எப்படி?

“அவுரேலியன் காசில் வெள்ளி 5 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் செம்பு என்றால் அது செம்பு நிறத்தில்தானே இருக்கவேண்டும், வெள்ளைவெளேர் என்று எப்படி இருந்தது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. குதிரைப்படைத் தளபதியாக இருந்து, கி.பி. 270இல் படைவீரர்கள் ஆதரவோடு ரோமப் பேரரசரானவர். மூன்று துண்டாகக் கிடந்த பேரரசை, கிழக்கே பல்மைராவின் அரசி செனோபியாவையும் மேற்கே காலியாவையும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) அடக்கி ஒட்டவைத்தார், ரோமைச் சுற்றிச் சுமார் 19 கிலோமீட்டர் மதில் கட்டத் தொடங்கினார், 275இல் சொந்த அதிகாரிகளே கொன்றுவிட்டார்கள். நடுவில் நாணயச்சாலைத் தொழிலாளர்களின் கலகம் ஒன்றையும் அடக்கி, 274 வாக்கில் காசைச் சீர்திருத்தினார். அந்த 5 சதவீதமே ஏற்றம்தான், முன்பு அதைவிடக் கேவலம்.

இனி வித்தைக்கு வருவோம். வெள்ளி ஓரளவு தாராளமாக இருந்த காலத்திலேயே ரோமர்கள் செய்தது இது: வெள்ளியும் செம்பும் கலந்த வில்லையைக் காற்றுப் படும்படி பழுக்கக் காய்ச்சினால், மேற்பரப்பில் உள்ள செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்துப் போகும், வெள்ளி அசையாது. அதை அமிலத்தில் போட்டால் கறுப்பு கரைந்துவிடும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே வேலைதான், புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் வைன் வண்டலிலும் உண்டு. செம்பு கழன்ற இடமெல்லாம் ஓட்டையாகி, வெள்ளி மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, அச்சில் வைத்து ஓங்கி அடித்தால் பஞ்சு நசுங்கிப் பளபளவென்று வெள்ளித் தோல்!

எனக்குப் பிடித்தது இதன் பின்கதை. இந்தத் தோல் சந்தைக்காரனை மட்டுமல்ல, 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களையும் ஏமாற்றியது. மேற்பரப்பை மட்டும் எக்ஸ்ரே வைத்து அளந்தவர்கள், பேரரசர் நீரோ கி.பி. 64இல் மாற்றிய வெள்ளிக் காசில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளி என்றார்கள், உள்ளே துளைத்துப் பார்த்தால் 80தான். காசைத் துளைக்க அருங்காட்சியகங்கள் லேசில் சம்மதிக்காது. ஒரு துளி உலோகத்துக்கு இவ்வளவு தயக்கம் தேவையில்லை என்பது என் கட்சி.

ஆனால் 5 சதவீதத்தில் இந்த வித்தை பலிக்காது, பஞ்சாக நிற்பதற்கு வெள்ளி போதாது. அதனால் வெள்ளியை வெளியிலிருந்துதான் பூசியிருக்கவேண்டும். அக்காலத்துக் காசுகள் சிலவற்றின் பூச்சில் பாதரசத்தின் தடயம் கிடைத்திருப்பதால், பாதரசத்தில் வெள்ளியைக் கரைத்துத் தடவி, பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள் என்பது ஒரு விளக்கம்.

பூச்சு மெல்லியது, கை மாறி மாறித் தேய்ந்துவிடும். இன்று கிடைக்கும் காசுகள் பெரும்பாலும் பழுப்புதான், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும்.