எந்திரப் பாவை: 'ரோபோ' என்ற சொல்லும் 'மெட்ரோபோலிஸ்' படமும்

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரி 10 அன்று பெர்லின் நகரின் ஊஃபா பலாஸ்ட் அரங்கில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. அறிவியல் புனைவுப் படங்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதப்படும் அதன் நூற்றாண்டையொட்டித் தமிழில் எழுத முனைபவர், கதையைச் சொல்லத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு சொற்சிக்கலில் நின்றுவிடுகிறார். ரோட்வாங் என்னும் விஞ்ஞானி படைக்கும் அந்த உலோகப் பெண்ணுருவை என்னவென்று அழைப்பது? ரோபோ, இயந்திர மனிதன், எந்திரன், தானியங்கி என நான்கு சொற்கள் வழக்கில் இருக்கின்றன. நான்கும் ஒரே பொருளைத் தருவனவல்ல. அந்த உருவத்துக்கு முழுமையாகப் பொருந்துவது இவற்றுள் ஒன்றுமில்லை என்றே நான் கருதுகிறேன்.

முதலில் 'ரோபோ'. இது செக் மொழியில் பிறந்த சொல். கரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தில்தான், செயற்கையாக உருவாக்கப்பட்ட வேலையாட்களைக் குறிக்கும் பெயராக அது முதலில் வந்தது. ஆனால் சொல்லைத் தந்தவர் அவரல்லர். ஓவியரான அவருடைய அண்ணன் யோசெஃப் சாப்பெக். உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து 'லபோரி' என்றொரு பெயரைக் கரெல் எண்ணி வைத்திருந்தார் என்றும், அது ஏட்டுத்தன்மையாகத் தோன்றியதால் அண்ணனிடம் கேட்டார் என்றும், படம் தீட்டிக்கொண்டிருந்த யோசெஃப் வாயில் கவ்விய தூரிகையோடே 'ரோபோட் என்று வை' என முணுமுணுத்தார் என்றும் கரெலே 1933-இல் ஒரு செய்தித்தாளில் எழுதியிருக்கிறார். அந்த யோசெஃப் 1939-இல் நாஜிகளால் கைது செய்யப்பட்டு, முகாம் முகாமாக மாற்றப்பட்டு, 1945-இல் பெர்கன் பெல்சன் வதைமுகாமில் இறந்தார். இன்று உலகம் முழுவதும் புழங்கும் ஒரு சொல்லைக் கொடுத்தவரின் பெயரை அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோர் அறியாமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

சொல்லின் வேரும் எளிதில் கடந்துவிடக் கூடியதன்று. செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது, குடியானவர் தம் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்தே ஆகவேண்டிய கட்டாய வேலையைக் குறிக்கும். ஆஸ்திரியப் பேரரசின் ஆவணங்களில் அது சட்டச் சொல்லாகவே இருந்தது: பேரரசி மரியா தெரேசா செக் மொழி பேசும் நிலப்பகுதியான பொகீமியாவுக்காக 1775-இல் பிறப்பித்த ஆணை, அந்த வேலையை வாரத்துக்கு அதிகபட்சம் 3 நாள் என வரையறுத்தது. அந்த முறை முற்றிலும் ஒழிந்தது 1848-இல்தான். ஆகவே செக் தலைநகரான பிராகில் நாடகம் பார்த்தவர்களுக்கு 'ரோபோட்' என்ற சொல் இயந்திரத்தை அல்ல, தம் முன்னோர் பண்ணையார் வயலில் வளைத்த முதுகைத்தான் நினைவூட்டியிருக்கும்.

இந்தப் பொருளுக்கு நேரான சொல் தமிழில் பழங்காலந்தொட்டே உண்டு. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்பது கூலியில்லாத கட்டாய உழைப்பையே குறித்தது. பிற்கால ஆவணங்களில் அதற்கே 'அமஞ்சி' என்றும் பெயர். இன்று நாம் 'வெட்டி வேலை' என்று பயனற்ற வேலையைச் சொல்லும்போது, கூலி கிடைக்காத வேலை என்ற அந்தப் பழைய பொருளின் எச்சத்தைத்தான் நாவில் ஏந்தியிருக்கிறோம். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் ரோபோவின் நேர்த்தமிழ் 'வெட்டியாள்' என்றுதான் முடியும். அப்படி எழுதினால் இன்றைய வாசகர் வேலையில்லாதவர் என்றே புரிந்துகொள்வார் என்பதால், இதை விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர வழக்குக்குக் கொண்டுவர இயலாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாப்பெக்கின் ரோபோக்கள் உலோகத்தாலானவை அல்ல. உயிர்ப்பொருளை ஒத்த ஒரு கூழைத் தொட்டிகளில் பிசைந்து, தோலும் தசையும் நரம்பும் தனித்தனியே செய்து இணைக்கப்பட்டவை, பார்வைக்கு மனிதரேதான். ரோபோ என்றதும் இன்று நம் மனத்தில் எழும் பளபளக்கும் உலோக உடலை உலகின் கண்ணில் பதித்ததில் பெரும்பங்கு 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு உண்டு. ஆனால் அந்தப் படத்தின் ஜெர்மன் வசன அட்டைகள் அதை 'மஷீனென்மென்ஷ்', அதாவது இயந்திர மனிதர், என்றே அழைக்கின்றன. அதாவது, பெயர் பிராகிலிருந்து வந்தது, உருவம் பெர்லினிலிருந்து வந்தது. இரண்டும் பின்னரே ஒன்றாயின.

அந்த உருவம் செய்யப்பட்ட விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நம் சொல்லாய்வுக்கும் உதவும். நடிகை பிரிகிட்டே ஹெல்மின் முழு உடலுக்கும் சாந்தில் அச்செடுத்து, அதன்மேல் சிற்பி வால்டர் ஷூல்ட்சே மிட்டென்டார்ஃப் கவசம் போன்ற உடையை உருவாக்கினார். அவர் பயன்படுத்தியது இரும்போ செம்போ அல்ல. மரத்தூளைக் கொண்ட, பிசையும்போது மாவாகவும் காற்றுப் பட்டால் மரமாகவும் இறுகும் ஒரு கலவை. அதைத் தகடாகப் பரப்பி, உடலச்சின்மீது பொருத்தி, வெட்டி, இழைத்து, இறுதியில் உலோக நிறம் பூசினார். நூறாண்டுகளாக நாம் உலோகம் என நம்பிப் பார்ப்பது மரத்தை. அதனுள்ளே நின்று வியர்த்தவர், தொழிலாளர்களின் நம்பிக்கைக்குரிய பெண்ணான மரியா பாத்திரத்திலும் நடித்த அதே ஹெல்ம்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். 'இயந்திர மனிதன்' என்பது 'மஷீனென்மென்ஷ்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நிகரானது. ஆனால் ஜெர்மனில் 'மென்ஷ்' ஆண் பெண் இருபாலரையும் குறிக்கும். தமிழில் 'மனிதன்' ஆணை மட்டுமே குறிக்கும். பெண்ணுருவை மனிதன் என்றழைப்பது திரையில் தெரிவதற்கே முரணாகிறது. 'தானியங்கி' என்பது தானாக இயங்கும் எதையும், பணம் தரும் பொறியையும்கூட, சுட்டும் பொதுச்சொல். உருவத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 'எந்திரன்' 2010-இல் வெளியான திரைப்படத்தால் வீடுதோறும் அறிமுகமான சொல். அதன் அடிச்சொல் மிகப் பழையது: 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று ஐங்குறுநூறு கரும்பாலையின் ஓசையை யானையின் பிளிறலோடு சேர்த்துச் சொல்கிறது. வடமொழி வேர் கொண்டதாயினும் சங்க காலத்திலேயே தமிழாகிவிட்ட சொல்லை அயல் என ஒதுக்க வேண்டியதில்லை. அதில் குறை விகுதியில்தான். 'அன்' சேர்ந்தவுடன் அது ஆண்பாலாகவும் உயர்திணையாகவும் ஆகி, 'வந்தான்' என்ற வினையை வேண்டி நிற்கிறது.

இவற்றினும் பொருத்தமான சொல்லை வள்ளுவர் நமக்கு வைத்துப் போயிருக்கிறார்.

'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று.'

மனத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்பது பொருள். 'உயிர் மருட்டல்' என்ற இந்த இரு சொற்களில் அடங்குவதைத்தான் ரோட்வாங்கின் படைப்பு படம் முழுவதும் செய்கிறது. நகரத்தை ஆளும் ஃபிரெடர்சனின் கட்டளைப்படி மரியாவின் முகத்தை அணிந்து, தொழிலாளர்களிடையே சென்று, அவளேதான் என்று அவர்களை நம்பவைத்து அழிவுக்கு இட்டுச் செல்கிறது. மேலும் 'பாவை' என்ற சொல் பொம்மையையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கும். ஆதலால் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது 'எந்திரப் பாவை' என்று வழங்குவதே சரி என்பது என் துணிபு. தொழிற்சாலையில் பற்றவைக்கும் கைக்கு 'எந்திரக் கை' போதும். பேச்சுவழக்கில் வேரூன்றிவிட்ட 'ரோபோ' அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்; மொழிமுதலில் ரகரம் வாராது என்ற விதியைக் காட்டி அதை 'உரோபோ' ஆக்குவதால் பயன் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

பெயரைத் தேர்ந்தபின் வினைமுடிபில் ஒரு கவனம் தேவை. மக்கள், தேவர், நரகர் உயர்திணை என்றும், உயிருள்ளனவும் இல்லனவுமாகிய மற்றவை அஃறிணை என்றும் நன்னூல் வகுக்கிறது. எனவே மரியா 'வந்தாள்', பாவை 'வந்தது'. பாவை மரியாவின் முகத்தோடு கூட்டத்தில் பேசும் இடங்களில், தொழிலாளர்களின் பார்வையில் எழுதினால் 'பேசினாள்' என்றும், உண்மை அறிந்த பார்வையாளரின் நிலையில் எழுதினால் 'பேசியது' என்றும் வரவேண்டும். படத்தின் இறுதிப் பகுதியில் சினங்கொண்ட கூட்டம் சூனியக்காரி எனக் கூவி, மரியாவின் முகத்திலுள்ள பாவையைக் கம்பத்தில் கட்டி எரிக்கிறது. தீயில் மரியாவின் தோற்றம் கலைந்து உலோக உருவம் வெளிப்படுகிறது. அந்தக் காட்சியை விவரிப்பவர், முகம் மறையும்வரை 'எரிகிறாள்' என்றும், மறைந்த பின் 'எரிகிறது' என்றும் எழுதினால், வேறு விளக்கம் சேர்க்காமலே கூட்டத்தின் திகைப்பு வாசகருக்குக் கிட்டிவிடும்.