ஆயில்தானே அண்ணே!

முந்தாநாள் மாலை கடை சாத்தும் நேரத்தில் ஒரு காரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. பக்கத்தில் போனாலே பிரேக் கருகிய வாடை. அந்தக் காரை ஓட்டிய தம்பிக்கு முகமே செத்திருந்தது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினேன். மூடிக்குள் ஒரு ரப்பர் இருக்கும். அது நனைந்த அட்டை மாதிரி நெளிந்து, பிதுங்கி வெளியே வந்தது. திரும்ப மூடிக்குள் வைத்து அழுத்திப் பார்த்தேன், உட்காரவில்லை. அதற்குமேல் எதையும் கழற்றிப் பார்க்கத் தேவையே இல்லை.

“என்ன ஊத்தினீங்க தம்பி?”

“லெவல் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு அண்ணே. வீட்டுல இஞ்சின் ஆயில் மிச்சம் இருந்துச்சு. ஆயில்தானே?”

இந்த ‘தானே’ என்ற சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிட்டால் என் கடையில் பாதி வேலை குறையும். ஆயில்தானே, பேட்தானே, ஃபியூஸ்தானே, போல்ட்தானே. இந்த வருடம் இதே மாதிரி வந்த வண்டிகளில் இது மூன்றாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் தப்பை எங்கள் பக்கமே வைத்துக்கொள்கிறேன். ‘பிரேக் ஆயில்’ என்று சொல்லிச் சொல்லி ஊரைக் கெடுத்து வைத்தது மெக்கானிக்குகள்தான். அது ஆயில் இல்லை. டப்பாவில் பிரேக் ஃப்ளூயிட் என்றுதான் போட்டிருப்பார்கள். நாம்தான் வாய்ப்பழக்கத்தில் ஆயில் என்கிறோம். இன்றைக்கு ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது கிளைக்கால் வகை திரவம். அது தண்ணீரோடு கலக்கும், எண்ணெயோடு சேராது.

அந்தத் தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, புது டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். கலந்து போய்விட்டது. இன்னொரு டம்ளரில் அவர் வண்டியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சியதை விட்டேன். கொஞ்சம் கரைந்தது, மிச்சம் சொட்டுச் சொட்டாக மேலே எழும்பிப் படலமாக நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். பார்த்த டம்ளரில் தண்ணீர் குடிக்காதீர்கள், அது விஷம்.

பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் அந்தக் கிளைக்கால் திரவத்துக்கென்று தேர்ந்தெடுத்தவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். இஞ்சினில் உள்ள ஆயில் சீல் வேறு ரப்பர், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெடலை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதில் சீல் பருத்தால் பெடலை விட்ட பிறகும் பிரஷர் இறங்காது. நீங்கள் காலை எடுத்துவிட்டீர்கள், வண்டி எடுக்கவில்லை. பத்து நிமிடம் ஓட்டினால் சக்கரத்திலிருந்து புகை வரும்.

“அதை எடுத்துட்டு நல்லதா ஊத்தினா சரியாயிடாதா?” இதை எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. ஒருதடவை பருத்த ரப்பரை இனி நம்ப முடியாது. மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் சீல்கள், பின்னால் டிரம் என்றால் வீல் சிலிண்டர், ஹோஸ்கள், எண்ணெய் அங்கேவரை போயிருந்தால் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது) யூனிட் என்று ரப்பர் உள்ள எல்லாமே மாற்ற வேண்டும். இரும்புக் குழாய்களைக் கழுவி எடுக்க வேண்டும். ஒரு மூடி அளவு ஊற்றியதற்கு இவ்வளவு பில்லா என்று என்னிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் எது தெரியுமா? அந்த வண்டியில் எதையுமே ஊற்றியிருக்கத் தேவையில்லை. டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்துவது பேட். அது தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த அளவுக்கு டப்பாவில் லெவல் இறங்கும். புது பேட் போட்டதும் தானாக ஏறிவிடும். அவர் பேடைக் கழற்றிப் பார்த்தேன், இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. லெவல் குறைந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லை எங்கோ கசிகிறது. இரண்டுமே டாப்அப் பண்ணி மறைக்கிற விஷயம் இல்லை. சரி.

தொழில் தெரிந்தவர்கள் யாராவது உடனே கை தூக்குவார்கள். ஆமாம், சிட்ரோயனின் பழைய ஹைட்ரோநியூமேட்டிக் (ஸ்பிரிங்குக்குப் பதில் வாயுவும் எண்ணெயும் தாங்கும்) கார்கள் பலவற்றில் எல்ஹெச்எம் என்ற பச்சை மினரல் ஆயில்தான் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும். அதில் டாட் 4 என்ற சாதாரண கிளைக்கால் பிரேக் ஃப்ளூயிட் ஊற்றினால் இதே கூத்து தலைகீழாக நடக்கும். டப்பா மூடியிலேயே எது ஊற்ற வேண்டும் என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். மூடியைத் திறக்கும் முன் படியுங்கள்.

டாட் என்றதும் இன்னொரு ‘தானே’ ஞாபகம் வருகிறது. “4-ஐ விட 5 பெருசுதானே, நல்லதாத்தானே இருக்கும்?” டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன். அது மற்றதோடு சேராது, ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஒத்தும் வராது. 5-க்கும் 5.1-க்கும் நடுவில் இருக்கும் அந்தப் புள்ளியைப் பார்க்காமல் வாங்கி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், பாதி காலியாகி அலமாரியில் கிடக்கும் பழைய டப்பாவை எடுக்காதீர்கள். கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4-க்குக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்கிறது அதே விதி. மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது திரவம் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தளர்ந்துவிடும், இந்த வித்தியாசம் காலில் தெரியும்.

இனி பார்ட்ஸ் வாங்கும் கதை. “பழசும் புதுசும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், ஒரே மாதிரிதான் இருந்துச்சு.” ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஃபில்டர்களின் மரை 20 மில்லிமீட்டர். வேறு பலவற்றின் மரை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். முக்கால் அங்குல குழாயில் 20 மில்லிமீட்டர் ஃபில்டரைச் சுற்றினால் ஏறும். கொஞ்சம் லூசாக இருக்கிறதே என்று கை சொல்லும், நாம் கேட்க மாட்டோம். ஸ்டார்ட் செய்தால் ஆயில்கூட ஒழுகாது. அப்புறம் ஒருநாள் நெடுஞ்சாலையில் ஃபில்டர் கழன்று, ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டும். மரை சரியாகவே இருந்தாலும், உள்ளே பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்தால் ஆயிலை மாற்று வழியில் விடுவது) திறக்கும் பிரஷர் ஃபில்டருக்கு ஃபில்டர் வேறு. அது வெளியிலிருந்து தெரியாது. கண்ணால் பார்த்து வாங்குகிற பொருளே இல்லை அது.

ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தான். மரை ஒன்றாக இருக்கும், மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டரா 26.5-ஆ என்று பார்ப்பதில்லை. நீளமானதைப் போட்டால் பிஸ்டன் வந்து முட்ட வாய்ப்புண்டு. கம்பெனி மாற்றி வாங்கும்போது நம்பரை மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர் பிளக் (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது), போஷில் எண் கூடினால் சூடு பிளக். எங்கள் ஆட்களே தடுமாறும் இடம் இது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? பார்ட் நம்பர். பழைய பார்ட்டின்மேல் உள்ள நம்பர், உங்கள் வண்டியின் விஐஎன் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியான அடையாள எண்), இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விஐஎன் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது, அந்த இடத்தில் இருப்பது ஒன்று அல்லது பூஜ்யம். மாடல் பேரையும் வருடத்தையும் மட்டும் சொல்லிக் கேட்டால், ஒரே வருடத்தில் இரண்டு விதமான காலிப்பரோடு வந்த வண்டிக்குத் தவறான பேடைக் கொடுப்பார்கள், கொடுத்தவரைத் திட்ட முடியாது.

‘ஒரிஜினல்’ என்ற சொல்லும் எனக்கு அலர்ஜி. கார் கம்பெனி பெட்டியில் வருவது ஒன்று. அதைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலையே தன் பேரில் விற்பது இன்னொன்று, பல நேரம் நான் அதைத்தான் வாங்குகிறேன். வேறு நல்ல கம்பெனிக்காரர்கள் செய்வது மூன்றாவது, அதிலும் தப்பில்லை. நாலாவது, பெட்டியை மட்டும் அப்படியே அச்சடித்து உள்ளே கண்டதைப் போட்டது. கடைக்காரர் நாலுக்கும் ‘ஒரிஜினல்’ என்பார். வைப்பர், கேபின் ஃபில்டர், கதவுக் கைப்பிடி இதிலெல்லாம் நீங்கள் மிச்சம் பிடியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கண்ணாடியும் கதவும்கூடப் பரவாயில்லை. பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட், டயர் இவற்றில் மட்டும் வேண்டாம். பழைய ஏர்பேக்கை யாராவது கழற்றி விற்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபியூஸைப் பற்றி நீட்டப்போவதில்லை. நீலம் 15 ஆம்பியர், பச்சை 30. நீலம் போய்க்கொண்டே இருக்கிறது என்று பச்சையைப் போட்டால், அடுத்து எரியப்போவது ஒயர். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டில் நிறம் என்பது கம்பெனிக்காரர் கலக்கும் சாயம், அதை வைத்துப் பொருத்தம் பார்க்காதீர்கள், வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள்.

வீட்டில் வேலையே செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பேட் மாற்றுவது ஆர்வமும் பொறுமையும் இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஆனால் பேடைத் திருப்பிப் போட்டு, இரும்புப் பக்கம் டிஸ்க்கைத் தேய்க்க ஓட்டி வந்தவரும் என்னிடம் வந்திருக்கிறார். ஆகவே சிலதைக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், ஒரே அச்சில் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டுக் கட்டுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் குத்தியிருப்பார்கள், அதற்குக் கீழே போயிருந்தால் புது பேட் போட்டு ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். பேட், டிஸ்க் முகத்தில் கிரீஸ் கை படக்கூடாது.

மிக முக்கியமானது இது: வேலை முடிந்ததும் வண்டியை எடுக்கும் முன் பெடலை நாலைந்து முறை அழுத்தி, கெட்டியாகிறதா என்று பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருக்கிறீர்கள், முதல் அழுத்தில் பெடல் தரைவரை போகும். இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்து, சொந்த வீட்டு கேட்டையே இடித்தவர் ஒருவர் உண்டு. அது கேட்டோடு போனது.

ஜாக்கி விஷயத்தில் மட்டும் திட்ட மனம் வரவில்லை, கேட்டுக்கொள்கிறேன். டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஒரு நிமிடம்கூட வேண்டாம், கீழே விழுந்த நட்டை எடுக்கக்கூட வேண்டாம். சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகு போங்கள். செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் இல்லை. அவை எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் நிம்மதி. வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் டப்பா மாறி ஊற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள். பெடலைத் தொடாதீர்கள். அழுத்தாதவரை அது பெரும்பாலும் மேலே டப்பாவிலேயே நிற்கும், உடனே வந்தால் பிழைக்க வழியுண்டு. ஸ்டார்ட் செய்து “மெதுவாத்தானே ஓட்டிட்டு வரேன்” என்று கிளம்பாதீர்கள், ஏற்றிக் கொண்டு வாருங்கள். ஊற்றிய டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். வெட்கப்பட்டு ஒளித்து வைத்தால், என்ன ஊற்றினீர்கள் என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் போய்விடும்.