'பாக்' என்றால் வெறும் சதுப்பு தானா?

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் கோகோபீட் கட்டியை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்திருப்பீர்கள். அது தென்னை நார்த்தூள். பேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பீட்' வேறு பொருள், அது விளைகிற இடங்களில் ஒன்றைத்தான் ஆங்கிலத்தில் பாக் என்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் பாக்கும் சதுப்பு, மார்ஷும் சதுப்பு, ஸ்வாம்ப்பும் சதுப்பு. நமக்கு அலையாத்திக் காடும் சதுப்புநிலக் காடு, பள்ளிக்கரணையும் சதுப்புநிலம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் எங்கேயோ இடிக்கிறது.

பாக் ஆங்கிலத்துக்கே இரவல் சொல். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் மொழிகளில் 'பொக்' என்றால் மெத்தென்றிருப்பது, மென்மையானது. இன்றும் அயர்லாந்தில் ஒருவரைப் பதறாமல் இருக்கச் சொல்ல 'பொக்காக எடுத்துக்கொள்' என்பார்கள். கால் வைத்தால் அமுங்குகிற நிலத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. நம் சதுப்பும் 'சதசத' என்று மிதிபடும் சேற்றிலிருந்து வந்த சொல்லாகத்தான் என் காதுக்குப் படுகிறது, ஆக இரண்டு ஊர்க்காரர்களும் காலால்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, வித்தியாசம் எங்கே? தண்ணீரில். பாக்குக்கு ஆறும் கிடையாது, ஊற்றும் கிடையாது, வானத்திலிருந்து விழுவது மட்டும்தான், மழைநீரில் செடிக்கு வேண்டிய தாது உப்புகள் ஏறக்குறைய இல்லை என்பதால் அங்கே வளர்கிற எதுவும் அரைப்பட்டினியோடு வாழப் பழக வேண்டும். அந்த ஊர் ராஜா ஸ்பாக்னம் என்கிற பாசி (ஆங்கிலத்தில் மாஸ் என்கிற வகை, குளத்துப் பாசி இல்லை, தமிழில் இரண்டையும் பாசி என்றே சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம்). தன் உலர்ந்த எடையைப் போல 15, 20 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், சுற்றியுள்ள நீரைப் புளிப்பாகவும் ஆக்கிவிடும். புளிப்பும் காற்றில்லாத ஈரமும் சேர்ந்தால் செத்தது மக்காது. மக்காத பாசி அடுக்கடுக்காகப் படிந்து ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் ஏறுகிறது, அதாவது ஓராள் உயரத்துக்கு ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு மேல். டென்மார்க்கில் 1950இல் இப்படி ஒரு படிவை வெட்டியவர்கள் தாடி முள் கூடத் தெரிகிற ஒரு மனித உடலைக் கண்டு, அண்மையில் நடந்த கொலை என்று போலீஸைக் கூப்பிட்டார்கள். ஆள் செத்து 2,000 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது!

அந்தப் படிவுதான் பீட். தமிழில் 'முற்றா நிலக்கரி' என்று யாரோ அருமையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் அதைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள்.

பாக்குக்குப் பழைய சொல் கிடைக்குமா என்று தேடினால் குறள் 500இல் 'காலாழ் களர்' இருக்கிறது, யானையே கால் புதைந்து நரியிடம் மாட்டிக்கொள்கிற சேறு. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்று விவசாயியிடம் களர் என்றால் ஜிப்சம் போட வேண்டிய நிலம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால் என் ஓட்டு 'கரிச்சதுப்பு'க்கு. அதுவும் பீட் படிகிற எல்லாச் சதுப்புக்கும் பொதுப்பெயர்தான், பாக்கைத் தனியாகச் சொல்ல 'மழைக் கரிச்சதுப்பு' என்றால் ஆயிற்று.

இப்படிப் பிரிப்பதில் நமக்கும் லாபம் உண்டு. ஊட்டியிலிருந்து பைக்காரா போகிற பக்கம் சாண்டிநல்லாவில் 20,000 ஆண்டுக்கும் பழைய பீட் இருக்கிறது, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்துதான் நீலகிரியில் எந்தக் காலத்தில் எந்த வகைப் புல்லும் மரமும் ஓங்கியிருந்தன என்று சொல்கிறார்கள். ஆனால் அது பள்ளத்தாக்கில், மலைச்சரிவு நீரும் வந்து சேர்கிற இடத்தில் படிந்தது. கரிச்சதுப்பு, ஆனால் பாக் இல்லை.

அப்புறம் செடிகள். வெள்ளைப் பஞ்சாகக் காற்றில் ஆடும் 'பாக் காட்டன்' பருத்தியே இல்லை, கோரைக் குடும்பம். பட்டினி நிலத்தில் பூச்சி பிடித்துத் தழைச்சத்து தேடிக்கொள்ளும் ட்ரொசெராவுக்கு ஆங்கிலத்தில் 'வெயில் பனி' என்று பொருள்படும் பெயர், வெயிலிலும் காயாத பிசின் துளிகளுக்காக. டார்வின் 1875இல் வெளியிட்ட பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். நம் பக்கத்து ட்ரொசெராவுக்குப் புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டாம், சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே அதற்குப் பெயர் அழுகண்ணி.