கண்கண்ட சாட்சி: ஒரே தொடருக்குள் மூன்று கண்கள்

கொலை, கொள்ளை வழக்குச் செய்திகளில் இந்தத் தொடர் அடிக்கடி வரும். "கண்கண்ட சாட்சி இருக்கிறது" என்று படித்ததுமே வழக்கு பாதி முடிந்துவிட்டது போல நமக்குத் தோன்றிவிடும். அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று தொடரைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும். முதலில் கண். அடுத்து, கண்ணோடு உறவுள்ள காண் என்ற வினையிலிருந்து வந்த 'கண்ட'. மூன்றாவதாகச் சாட்சி. இது வடமொழியின் ஸாக்ஷின். ஸ என்றால் உடன், அக்ஷ என்றால் கண். கண்ணோடு உடனிருந்தவர், நேரே பார்த்தவர் என்று பொருள். பக்ஷி பட்சியானது போல, லக்ஷம் லட்சமானது போல, க்ஷ என்ற ஒலி தமிழில் ட்ச ஆகிச் சாட்சி பிறந்தது. ஆக, ஒரு சின்னத் தொடரில் கண் மூன்று முறை வந்துவிடுகிறது. மனசாட்சி என்று சொல்லும்போதும் உள்ளே ஒரு கண் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் சொல்கிறோம்.

ரொனால்ட் காட்டன் வழக்கைப் படித்த பிறகு இந்தத் தொடரை என்னால் பழையபடி எழுத முடியவில்லை.

1984 ஜூலை மாதம். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். ஜெனிஃபர் தாம்ஸன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து, கத்தியைக் காட்டி மிரட்டி அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். அந்தக் கொடுமைக்கு நடுவிலும் அவர் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டார். உயிர் பிழைத்தால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு இவன் முகம் மனத்தில் நிற்க வேண்டும். கிடைத்த வெளிச்சத்திலெல்லாம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தப்பி ஓடினார். அதே இரவில் இன்னொரு பெண்ணுக்கும் அதே கொடுமை நடந்தது.

சில நாள்களில் போலீசார் அவர்முன் ஆறு புகைப்படங்களை வைத்தார்கள். உடனே எடுத்துவிடவில்லை. நிமிடக் கணக்கில் பார்த்து, ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தார். அது ரொனால்ட் காட்டனின் படம். பிறகு ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாள அணிவகுப்பு நடந்தது. படத்திலும் இருந்து, வரிசையிலும் நின்ற ஒரே ஆள் காட்டன்தான். 5ஆம் எண்ணில் நின்ற அவரைக் காட்டினார் தாம்ஸன். நீங்கள் படத்தில் எடுத்ததும் இவரைத்தான் என்று போலீசார் சொன்னார்கள். 1985இல் காட்டனுக்கு ஆயுள் தண்டனையும், அதற்கு மேல் பல ஆண்டுத் தண்டனையும் கிடைத்தன. தாம்ஸன் வெள்ளையர். காட்டன் கறுப்பினத்தவர்.

இங்கே இன்னொரு சொல்லைப் பார்க்க வேண்டும். அடையாளம் காட்டுவதைத் தமிழில் இனங்காணல் என்றும் சொல்கிறோம். 'இனந்தெரியாத நபர்கள்' என்பது செய்திகளில் பழகிய தொடர். இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் இன்னும் அதிகம். இனம் என்றால் ஒத்தவற்றின் கூட்டம், வகை. சங்கப் பாட்டில் மாட்டு மந்தையும் இனம்தான். தோல் நிறத்தையும் பிறப்பையும் வைத்து மனிதரைப் பிரிக்கும் பொருள் இந்தச் சொல்லின் மேல் பிற்காலத்தில் ஏறியது. இப்போது இனங்காணல் என்ற சொல்லை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இனத்தைக் காணல். ஆளைக் காண்பது அதில் இல்லை.

வேற்றினத்தவரின் முகத்தைப் பார்க்கும்போது நம் கண் செய்வது இதையேதான். 1969இல் ராய் மால்பாஸும் ஜெரோம் கிராவிட்ஸும் வெள்ளை மாணவர்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் இரண்டு இனத்து முகங்களையும் காட்டி இதைச் சோதித்தார்கள். பிறகு பலரும் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 2001இல் கிறிஸ்டியன் மைஸ்னரும் ஜான் பிரிகமும் 39 ஆய்வுகளை, அதாவது ஏறக்குறைய 5,000 பேரின் விவரங்களை, ஒன்றாகத் திரட்டிக் கணக்கிட்டார்கள். பார்த்த முகத்தைச் சரியாகச் சொல்வது சொந்த இனத்தவர் விஷயத்தில் 1.4 மடங்கு அதிகமாக இருந்தது. பார்க்காத முகத்தைப் பார்த்ததாகச் சொல்லும் தவறு வேற்றினத்தவர் விஷயத்தில் 1.56 மடங்கு அதிகம். நீதிமன்றத்தில் இந்த இரண்டாவது எண்தான் ஆளைச் சிறைக்கு அனுப்புகிறது.

இது வெறுப்பால் மட்டும் வருவதல்ல. இன வெறுப்பு குறைந்தவர்களிடமும் இந்தத் தவறு கிட்டத்தட்ட அதே அளவில் தென்படுகிறது. வளர்ந்த சூழலில் எந்த முகங்களைப் பார்த்துப் பழகினோம் என்பதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. 3 முதல் 9 வயதுக்குள் பிரான்ஸுக்குத் தத்துப் போன கொரியக் குழந்தைகள், வளர்ந்த பிறகு கொரிய முகங்களைவிட வெள்ளையர் முகங்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஊரில் "சீனாக்காரர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பார்கள்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம் அல்லவா? அங்கே அவர்களும் நம்மைப் பற்றி அப்படித்தான் நினைப்பார்கள். பேருந்தில் அப்படிச் சொன்னால் யாருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்துவிடாது. அணிவகுப்பில் கிடைக்கும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? இனச்சார்பு என்று எழுதுகிறார்கள். சார் என்றால் ஒரு பக்கம் சாய்தல். நீதிபதியோ போலீசோ நடுவர் குழுவோ (ஜூரி) ஒரு பக்கம் சாய்ந்தால் அதற்கு அந்தச் சொல் சரி. தாம்ஸனுக்கு நேர்ந்தது அதுவல்ல. அதை வேற்றின முகமயக்கம் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். மயங்குதல் என்றால் ஒன்றோடொன்று கலந்துபோதல். இலக்கணத்தில்கூட மெய்ம்மயக்கம் என்கிறோம். இரண்டு முகங்கள் ஒருவர் மனத்தில் கலந்துபோவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சொற்களையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 1931இல் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பினச் சிறுவர், இளைஞர் மீது இரண்டு வெள்ளைப் பெண்கள் வன்கொடுமைக் குற்றம் சாட்டினார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழுக்கள் சில நாள்களுக்குள் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றன. எட்டுப் பேருக்கும் மரண தண்டனை. அந்தப் பெண்களில் ஒருவர் 1933இல் நீதிமன்றத்தில் ஏறி, நடக்காததைச் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டார். அது பொய்ச் சாட்சி. சிலப்பதிகாரம் அப்படிப்பட்டவர்களைப் பொய்க்கரியாளர் என்கிறது. அவர்களைப் பாசக்கயிற்றால் பிடிக்கும் பூதத்தைப் புகார் நகரத்துச் சதுக்கத்தில் நிறுத்துகிறது. சரி, தாம்ஸனை அந்தப் பூதம் என்ன செய்யும்? அவர் பொய் சொல்லவே இல்லையே. மனமறிந்து ஒரு சொல்லைக்கூட மாற்றாத ஒருவர், குற்றம் செய்யாத ஒருவரைச் சிறைக்கு அனுப்பினார். பொய்யைப் பிடிக்க நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. உண்மையாக நம்பிச் சொல்லும் தவறுக்கும் ஒன்று வேண்டும்.

அதுவும் இருக்கிறது, மணிமேகலையில். சமயவாதிகள் தம் கொள்கைகளைச் சொல்லும் பகுதியில், அறிவு எப்படியெல்லாம் பிழைபடும் என்று எட்டு வகை சொல்லப்படுகிறது. அதில் திரியக் கோடல் என்பது ஒன்றை வேறொன்றாகக் கொள்வது. சிப்பியை வெள்ளி என்று நினைப்பது. ஐயம் என்பது அங்கே நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது. அதற்கு அடுத்ததாக வருகிறது தேராது தெளிதல். வெட்டவெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமலே மனிதன் என்று உறுதியாகக் கொள்வது. ஐயத்துக்கும் இதற்கும் கட்டை ஒன்றுதான். தடுமாற்றம் மட்டும் போய்விட்டது. அதைப் போக்கும்படி புதிய செய்தி எதுவும் வரவில்லை.

தாம்ஸனின் தடுமாற்றம் போன வழியைப் பாருங்கள். ஆறு படங்களுக்கு முன் நிமிடக் கணக்கில் யோசித்தவர் அவர். எடுத்ததும் போலீசாரிடமிருந்து பாராட்டு. அணிவகுப்பு முடிந்ததும் அதே ஆள்தான் என்ற உறுதிமொழி. படத்தில் பார்த்த முகம் அணிவகுப்பில் பழகிய முகமாகி, நீதிமன்றத்துக்கு வரும்போது அந்த இரவின் முகமாகவே ஆகிவிட்டது. கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998இல் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. தவறான ஆளைக் காட்டியவர்களிடம் "சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும். அவர்களுடைய உறுதி கூடியது. அதோடு நிற்கவில்லை. சம்பவத்தின்போது முகம் நன்றாகத் தெரிந்தது, நன்றாகக் கவனித்தோம் என்றும் பின்னோக்கிச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை பழைய நினைவையும் திருத்திவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1972இல் நீல் எதிர் பிகர்ஸ் வழக்கில், சாட்சியின் உறுதியையே நம்பகத்துக்கு ஒரு அளவுகோலாக வைத்தது.

காட்டன் சிறையில் இருந்தபோது பாபி பூல் என்பவன் அங்கே வந்து சேர்ந்தான். சாயலில் இருவரும் ஒத்திருந்தார்கள். அந்தக் குற்றங்களைத் தானே செய்ததாகப் பூல் இன்னொரு கைதியிடம் சொன்ன செய்தி காட்டனுக்குக் கிடைத்தது. 1987இல் மறுவிசாரணை நடந்தபோது, நடுவர் குழு இல்லாத நேரத்தில் பூலை நீதிமன்றத்துக்கு அழைத்துவந்து தாம்ஸன் முன் நிறுத்தினார்கள். இவரை எனக்குத் தெரியாது என்றார் தாம்ஸன். அந்த இரவில் அவ்வளவு உற்றுப் பார்த்த அதே முகம். முதலில் அணிவகுப்பில் வேறொருவரைக் காட்டியிருந்த இரண்டாவது பெண்ணும் இப்போது காட்டன்தான் என்றார். இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்துக் காட்டனுக்குத் தண்டனை. 1995இல் மரபணுச் சோதனையில் கிடைத்த பெயர் பூல். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, பத்தரை ஆண்டுகளுக்குப் பிறகு, காட்டன் வெளியே வந்தார். பிறகு தாம்ஸன் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். இருவரும் நண்பர்களாகி, இந்தத் தவறு இனி நடக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசினார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது.

இது தனி ஒரு வழக்கின் கதை இல்லை. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று நிறுவப்பட்டவர்களின் வழக்குகளில், ஏறக்குறைய பத்தில் ஏழில் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியது ஒரு காரணம்.

இனிச் சாட்சிக்குத் தமிழ்ச் சொல். கரி என்பது மிகப் பழையது. "அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க்கு இல்லை" என்கிறது குறுந்தொகை. அறிந்த செய்திக்குச் சாட்சி நிற்பது அறிகரி. இதில் கண் வரவில்லை, அறிவு வருகிறது. சோழர் கால ஆவணங்களில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களும் "இப்படி அறிவேன்" என்றுதான் எழுதினார்கள். ஆங்கிலத்தின் விட்னஸ் என்ற சொல்லுக்கும் பழைய பொருள் அறிவுதான். கரி இன்று அடுப்புக்கரியாக மட்டுமே நினைவில் இருப்பதால் அதை வழக்குக்குத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

நமக்கு இன்றும் கைகொடுப்பது சான்று. சால் என்ற வேருக்கு நிறைதல், போதுமானதாதல் என்று பொருள். சான்றோர், சால்பு எல்லாம் அந்தக் குடும்பம். "இந்திரனே சாலுங் கரி" என்று குறளில் வரும்போது, இந்திரன் ஒருவனே போதுமான சாட்சி என்று பொருள். கரி என்று மட்டும் சொல்லாமல் 'சாலும்' என்று சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். சாட்சி இருப்பது வேறு, அது போதுமானதாக இருப்பது வேறு. பெரியபுராணத்தில், சுந்தரரைத் தன் அடிமை என்று வாதாடும் முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையினர் "ஆட்சியில் ஆவணத்தில் அன்றிமற் றயலார் தங்கள் காட்சியில்" ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். அயலார் கண்டது அங்கே காட்சி. அனுபவமும் ஆவணமும் அதற்கு முன்னால் நிற்கின்றன.

ஆகவே என் பரிந்துரை இது. நேரில் பார்த்த ஆள் நேரில் கண்டவர். அவர் சொல்வது கண்டவர் வாக்குமூலம். அதை விசாரித்து, மற்றவற்றோடு ஒத்துப் பார்த்து, போதும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகே சான்று. கண்கண்ட சாட்சி என்ற தொடரில் இந்த மூன்று படிகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதுதான் அதன் குறை.

கபிலர் பாட்டில் ஒரு பெண், தலைவன் தன்னை மணந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை, குருகு என்ற நீர்ப்பறவை மட்டும்தான் இருந்தது என்கிறாள். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். உடனிருந்தது, கண்ணும் இருந்தது. கவனம் மீன் மேல். கத்தி தெரியும்போது பார்ப்பவரின் கண் கத்தியில் போய் நின்றுவிடுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குருகு நினைவுக்கு வரும்.

வட கரோலைனா 2007இல் சட்டத்தையே மாற்றியது. சந்தேகத்துக்குரியவர் யார் என்று தெரியாத அதிகாரியே படங்களைக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும், குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், எவ்வளவு உறுதி என்பதைக் காட்டிய அந்த நேரத்திலேயே சாட்சியின் சொற்களில் பதிவு செய்ய வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் மேல் நீதிமன்றம் 2017இல், வேற்றினத்தவரை அடையாளம் காட்டிய வழக்குகளில் தவறு நேரும் வாய்ப்பு அதிகம் என்று, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்டால் நடுவர் குழுவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது.

கடைசியாக, செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒன்று. அணிவகுப்பு நடந்ததும் "குற்றவாளியை அடையாளம் காட்டினார்" என்று எழுதிவிடுகிறோம். தீர்ப்பு வரும் முன்பே அந்த வாக்கியத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. 1984இல் பர்லிங்டனில் நடந்ததைச் சரியாக எழுதியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்: வரிசையில் 5ஆம் எண்ணில் நின்றவரைப் பார்த்து, இவர்தான் என்று நினைக்கிறேன் என்று சொன்னார்.